பக்கத்து மேசையில் இருந்த பதில்

டென்சர்களைப் பற்றி ஆய்வு செய்ய விரும்பும் மாணவர்கள் ஆண்டுக்கு நாலைந்து பேராவது என்னிடம் வந்து எந்தப் புத்தகத்தில் தொடங்கலாம் என்று கேட்கிறார்கள். நானும் இரண்டு புத்தகங்களின் பெயரைச் சொல்லி, எந்த அத்தியாயத்தை முதலில் படிக்கலாம் என்பதையும் சொல்லி அனுப்பிவிடுகிறேன். அவர்கள் போன பிறகுதான் உறுத்துகிறது. முனைவர் பட்ட ஆய்வில் நான் இழந்த மூன்றரை ஆண்டுகளும், நான்கரை லட்சம் ரூபாய்க்குச் சற்று மேற்பட்ட பணமும் புத்தகம் படிக்காததால் போனவை அல்ல. அன்று யாராவது என்னை உட்காரவைத்து இதையெல்லாம் சொல்லியிருந்தால் பாதியாவது தப்பியிருக்கும் என்று தோன்றுவதால், நடந்ததை நடந்த வரிசையில் எழுதிவைக்கிறேன்.

கும்பகோணத்தை அடுத்த ஒரு கிராமத்தில் வளர்ந்து, திருச்சியில் எம்.எஸ்ஸி. முடித்து, 2013 ஆகஸ்டில் பெங்களூருக்கு வந்தேன். அன்று இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 16,000 ரூபாய். அடுத்த ஆண்டு அக்டோபரில் அது 25,000 ஆயிற்று. மத்திகெரேயில் இரண்டு பெண்களோடு ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டு, தெருமுனையில் திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவர் நடத்திய மெஸ்ஸில் மாதக் கணக்கு வைத்துச் சாப்பிட்டேன். இயற்கணித வடிவியலைத் தேர்ந்தெடுத்ததில் கொஞ்சம் ஊர்ப்பெருமையும் இருந்தது. வட ஆற்காட்டுத் தண்டரையில் பிறந்த எம். எஸ். நரசிம்மன் அப்போது பெங்களூரில்தான் வசித்துவந்தார். அவரும் சி. எஸ். சேஷாத்ரியும் சென்னை லயோலா கல்லூரியில் படித்து, 1953இல் மும்பையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்து, 1965இல் இருவர் பெயரையும் தாங்கி நிற்கும் தேற்றத்தை வெளியிட்ட கதை எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் மனப்பாடம். அந்தக் கதையில் இருவர் இருந்தார்கள் என்பதை மட்டும் நான் மனத்தில் வாங்கவில்லை. என் கற்பனையில் கரும்பலகையின் முன் நான் ஒருத்தியாகத்தான் நின்றுகொண்டிருந்தேன்.

நான் எடுத்துக்கொண்ட கணக்கைக் கணிதம் படிக்காதவருக்கும் சொல்லிவிட முடியும் என்பதே அதன் கவர்ச்சி. எண்களைச் செவ்வகமாக அடுக்கினால் அணி. பெட்டியாக அடுக்கினால் முப்பரிமாண டென்சர். மூன்று திசையன்களைப் பெருக்கி வருவது மிக எளிய டென்சர். ஒரு டென்சரை எழுத இத்தகைய எளிய டென்சர்கள் குறைந்தது எத்தனை தேவையோ அந்த எண்ணிக்கைதான் அதன் தரம். அணியின் தரத்தைப் பன்னிரண்டாம் வகுப்பிலேயே கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுத்துவிடுகிறார்கள். டென்சரின் தரத்தைக் கண்டுபிடிக்க அப்படியொரு விரைவான வழியை எதிர்பார்க்க முடியாது என்பதை 1990இல் ஹோஸ்டாட் காட்டினார். 1969இல் ஃபோல்கர் ஸ்ட்ராஸன் இரண்டுக்கு இரண்டு அணிகளை எட்டுப் பெருக்கலுக்குப் பதிலாக ஏழே பெருக்கலில் பெருக்கிக்காட்டினாரே, அதுவும் இந்த மொழியில் ஒரு குறிப்பிட்ட டென்சரின் தரம் ஏழைத் தாண்டாது என்ற செய்திதான். அதே ஸ்ட்ராஸன் 1973இல் ஓர் ஊகத்தை முன்வைத்தார்: ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு கணக்குகளை ஒன்றாகச் சேர்த்துச் செய்வதால் ஒரு பெருக்கல்கூட மிச்சமாகாது, அதாவது இரண்டு டென்சர்களின் நேர்க்கூட்டலின் தரம் அவற்றின் தரங்களின் கூட்டுத்தொகையே. இரண்டு வீட்டுக் கல்யாணச் சமையலை ஒரே கொட்டகையில் வைத்தாலும், இந்த வீட்டுச் சாம்பாருக்கும் அந்த வீட்டுப் பாயசத்துக்கும் ஆள்கூலி தனித்தனிதான், ஒரு பைசா குறையாது என்பது போல.

ஜாஜா, தக்கே என்னும் இருவர் 1986இல், இரண்டு டென்சர்களில் ஒன்றுக்கு ஏதேனும் ஒரு பக்கத்தின் பரிமாணம் இரண்டு அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் ஊகம் சரி என்று நிறுவியிருந்தார்கள். அந்த இரண்டை மூன்றாக்குவது என்று 2014 ஏப்ரலில் முடிவு செய்தேன். இரண்டு மூன்றாவதில் என்ன பெரிய வித்தியாசம் இருந்துவிடப் போகிறது என்று அன்று நினைத்தேன். என் நெறியாளர் தங்கமான மனிதர், வெக்டர் பண்டில்கள் என்னும் வேறொரு கிளையில் தேர்ந்தவர். டென்சர் தரம் அவருக்குப் பக்கத்து ஊர் மாதிரி, வழி தெரியும், தெருக்கள் தெரியாது. தொடக்கத்திலேயே அவர் இதை ஒளிக்காமல் சொன்னார். அப்படி ஒரு நெறியாளர் சொன்னால், நெறியாளரை மாற்ற வேண்டிய அவசியமில்லை. ஆனால் அந்தத் தெருக்களில் குடியிருக்கும் இன்னொருவரை முதல் ஆண்டிலேயே தேடிப் பிடித்து, மாதம் ஒரு முறையாவது அவர் முன்னால் போய் நிற்கும் ஏற்பாட்டைச் செய்துகொள்ள வேண்டும். நான் ‘பரவாயில்லை சார், நானே படித்துக்கொள்கிறேன்’ என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

முதல் அடி கணினியில் விழுந்தது. குறிப்பிட்ட தரமுள்ள டென்சர்கள் அடங்கிய தொகுதி எந்தச் சமன்பாடுகளால் வரையறுக்கப்படுகிறது என்று பார்க்க, மெக்காலே 2 மென்பொருளில் குரோப்னர் அடுக்களம் (அந்தச் சமன்பாடுகளைக் கண்டெடுக்க உதவும் கணக்கீடு) கணக்கிடக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். துறையின் கணினியில் 11 நாட்கள் ஓடியது. பன்னிரண்டாம் நாள் காலையில் நினைவகம் தீர்ந்து, திரையில் ‘கில்டு’ என்ற ஒற்றைச் சொல் மட்டும் நின்றது. அப்போதாவது நிறுத்தியிருக்க வேண்டும். இந்தக் கணக்கீடு மிக மோசமான நிலையில் இரட்டை அடுக்குக்குறி வேகத்தில் வீங்கக்கூடியது என்று மேயரும் மெயரும் 1982இலேயே காட்டியிருக்கிறார்கள். நான் அதைப் படித்தும் இருந்தேன். இருந்தாலும் நினைவகம்தான் போதவில்லை என்று சொல்லிக்கொண்டு, இணையத்தில் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் பெரிய கணினி ஒன்றை என் சொந்த அட்டையில் எடுத்தேன். 2016 பொங்கலுக்கு மயிலாடுதுறை வண்டியில் ஊருக்குப் போனவள் அதை அணைக்க மறந்துவிட்டேன். ஒன்பது நாள் கழித்து அறைக்குத் திரும்பி மின்னஞ்சலைத் திறந்தால் அதுவரையிலான மொத்தக் கட்டணம் 41,300 ரூபாய். கிட்டத்தட்ட ஒன்றரை மாத உதவித்தொகை. கணக்கீடும் முடிந்திருக்கவில்லை.

இந்த இடத்தில் வரிசையை மீறி, 2018இல் கற்றுக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் என்னிடம் வரும் மாணவர்களில் பாதிப் பேர் இன்றும் இதே குழியில்தான் விழுகிறார்கள். உங்களுக்குத் தேவை அந்தத் தொகுதியின் பரிமாணம் மட்டும் என்றால் சமன்பாடுகளைத் தேட வேண்டாம். டெர்ராச்சினி 1911இல் நிறுவிய துணைத் தேற்றம் ஒன்று இருக்கிறது: சமவாய்ப்பாகச் சில புள்ளிகளை எடுத்து, அவற்றின் தொடுவெளிகளை ஒன்றாக அடுக்கி, அந்த அணியின் தரத்தைப் பார்த்தால் போதும். எண்களையும் பின்னங்களாக வைத்துக்கொள்ளத் தேவையில்லை, 32003 போன்ற ஒரு பகா எண்ணால் வகுத்தால் வரும் மீதிகளை மட்டும் வைத்துக் கணக்கிடலாம். மூன்றுக்கு மூன்றுக்கு மூன்று டென்சர்களில் நான்கு புள்ளிகளை எடுத்துச் செய்து பாருங்கள். 36 நிரைகளும் 27 நிரல்களும் உள்ள ஓர் அணி வரும். கண் சிமிட்டும் நேரத்தில் தரத்தைச் சொல்லிவிடும். எண்ணிக்கையை மட்டும் வைத்து எதிர்பார்த்தால் 27 வர வேண்டும். வருவது 26. எத்தனை முறை புள்ளிகளை மாற்றினாலும் 26தான். முதன்முறை அந்த எண்ணைப் பார்த்தபோது கணினி நிரலைத் தப்பாக எழுதிவிட்டேன் என்று நினைத்து இரண்டு முறை திருத்தினேன். அந்த ஒன்று குறைவதற்குப் பின்னால் ஸ்ட்ராஸன் 1983இல் கண்டுபிடித்த ஒன்பதாம் படிச் சமன்பாடு இருக்கிறது. ஓர் எச்சரிக்கை: இப்படிச் செய்து முழுத் தரம் வந்துவிட்டால் அது நிரூபணம், அப்படியே கட்டுரையில் எழுதலாம், தரம் குறைந்து வந்தால் அது வெறும் சந்தேகம், அதற்குத் தனியாக நிரூபணம் தேட வேண்டும். என் 41,300 ரூபாய்க் கணக்கின் பதில் இந்த வழியில் என் பழைய மடிக்கணினியிலேயே நான்கு நிமிடத்தில் வந்தது.

2016 பிப்ரவரிக்குத் திரும்புகிறேன். கட்டணத்தைத் தவணையில் கட்டிக்கொண்டிருந்த அந்த மாதத்தில்தான் எனக்கு ‘நிரூபணம்’ கிடைத்தது. இரண்டு டென்சர்களின் நேர்க்கூட்டலைக் குறைந்த எண்ணிக்கையில் எழுத முடிகிறது என்று வைத்துக்கொள்வேன். இரண்டாம் டென்சரை ஒரு சிறு எண்ணால் பெருக்கி, அந்த எண்ணைச் சுழியை நோக்கி நகர்த்துவேன். அதோடு சேர்ந்து எளிய டென்சர்களும் நகரும், எங்கோ ஓர் எல்லையில் போய் நிற்கும். அந்த எல்லைப் புள்ளிகளின் வீச்சில், அதாவது அவற்றை எண்களால் பெருக்கிக் கூட்டி உருவாக்கக்கூடியவற்றின் தொகுப்பில், முதல் டென்சர் இருந்தாக வேண்டும். பிறகு எண்ணிப் பார்த்தால் முரண்பாடு. எட்டுப் பக்கம். அதில் 3.4ஆம் துணைத் தேற்றம் மட்டும் ஐந்து வரி. அந்த ஐந்து வரியைப் படிக்கும்போதெல்லாம் படியில் கால் வைக்கும்போது ஒரு பலகை லேசாக ஆடுவது போல ஒன்று தோன்றும். தோன்றும், கடந்துபோய்விடுவேன். தெரியாமல் தவறு செய்தேன் என்று பின்னாளில் பலரிடம் சொல்லியிருக்கிறேன். உண்மை என்னவென்றால், அந்த வரிகள் ஆடுவது எனக்குத் தெரியும். அது ஏன் ஆடுகிறது என்று பார்க்கத்தான் பயம்.

அந்தப் பயத்தோடு இன்னொரு பயமும் சேர்ந்துகொண்டது: யாராவது எடுத்துக்கொண்டுவிட்டால்? உலகில் நாலைந்து குழுக்கள் இதே ஊகத்தைச் சுற்றிக்கொண்டிருந்தன. அதனால் என்ன செய்கிறாய் என்று கேட்டவர்களிடம் ‘டென்சர்களில் சும்மா ஒன்று’ என்று மட்டும் சொன்னேன். மெஸ்ஸில் எனக்கு அடுத்த மேசையில் தினமும் ஈரோட்டுக்காரர் ஒருவர் சாப்பிடுவார். இன்னொரு நிறுவனத்தில் கணினி அறிவியலில், கணக்கீட்டுச் சிக்கலியலில் ஆய்வு செய்தவர், என்னைவிட நான்கு வயது மூத்தவர், அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். அணிப் பெருக்கல் வேகத்தைப் பற்றித்தான் அவர் வேலை என்று எனக்குத் தெரியும். மூன்று ஆண்டுகள் அவரோடு ஈரோட்டு மஞ்சள் விலையும் யஷ்வந்த்பூர் போக்குவரத்து நெரிசலும் பேசினேனே தவிர, அந்த ஐந்து வரியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் கணினிக்காரர், வடிவியல் அவருக்கு எதற்கு என்று ஓர் இளக்காரமும் எனக்கு இருந்தது. இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

கட்டுரையை 2016 செப்டம்பரில் ஒரு நல்ல ஆய்விதழுக்கு அனுப்பினேன். கணிதத்தில் ஓராண்டுக் காத்திருப்பு மிகச் சாதாரணம் என்பதை இந்தத் துறைக்கு வருபவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும்; ஐந்தாண்டு உதவித்தொகையில் அந்த ஓராண்டு பெரிய துண்டு. அதனால் எல்லா முட்டைகளையும் ஒரே கூடையில் வைக்காமல் சிறிய, உறுதியான முடிவு ஒன்றை மூன்றாம் ஆண்டுக்குள் எழுதி அனுப்பிவிடுவது நல்லது. எனக்கு அப்படி எழுத இரண்டு விஷயங்கள் கையில் இருந்தன, பெரியது வரும்போது இவை எதற்கு என்று கிடப்பில் போட்டேன்.

இடையில் 2017 கோடையில் இத்தாலியில் நடந்த ஒரு பயிலரங்கில் இருபது நிமிடம் பேச வாய்ப்புக் கிடைத்தது. விமானச் சீட்டு 58,000 ரூபாய். பயணப்படி கிடைக்கும்தான், ஆனால் போய்வந்து ரசீதுகளைக் கொடுத்த பிறகுதான். எனக்கு அது வந்துசேர ஒன்பது மாதம் ஆயிற்று. அதுவரை அப்பாவின் பயிர்க்கடனுக்காக வைத்திருந்த பணத்தில்தான் பயணம் நடந்தது. முன்பணம் கேட்டு விண்ணப்பிக்கும் வழி பல நிறுவனங்களில் உண்டு, கேட்டால்தான் சொல்வார்கள். ஆனால் அந்தப் பயணத்தில் உண்மையான இழப்பு வேறு. இந்தக் கணக்கில் உலகிலேயே தேர்ந்த முப்பது பேர் அந்த அறையில் இருந்தார்கள். 3.4ஆம் துணைத் தேற்றம் வரும் பக்கத்தைத் திரையில் காட்டி, ‘நேரம் குறைவாக இருப்பதால் இதன் நிரூபணத்தை விட்டுவிடுகிறேன்’ என்று சொல்லிக் கடந்துவிட்டேன். நேரம் ஆறு நிமிடம் மிச்சம் இருந்தது. முன்வரிசையில் ஒரு பெரியவர் கையைத் தூக்கப் போய் இறக்கிக்கொண்டதை இன்றும் நினைத்துக்கொள்கிறேன். அவர் கேட்டிருந்தால் அன்று அவமானமாக இருந்திருக்கும், நான்கு மாதங்கள் மிஞ்சியிருக்கும்.

2017 அக்டோபரில் மதிப்பீட்டாளரின் அறிக்கை வந்தது. பதின்மூன்று மாதக் காத்திருப்புக்கு எட்டு வரி. 3.4ஆம் துணைத் தேற்றத்தில் தரம் என்பதை எல்லைத் தரம் (எந்தக் குறைந்த தரமுள்ள டென்சர்களால் ஒரு டென்சரை எவ்வளவு வேண்டுமானாலும் நெருங்க முடியுமோ அந்தத் தரம்) என்று மாற்றினாலும் வாதம் மாறவில்லை, ஆகவே இது எல்லைத் தரங்கள் அப்படிக் கூடுவதில்லை என்று காட்டும் ஷோன்ஹாகேயின் 1981ஆம் ஆண்டு முடிவுக்கு முரணாகிறது என்று எழுதியிருந்தார். படித்தேன், புரியவில்லை, அதாவது புரிந்துகொள்ள மறுத்தேன். அன்று இரவு மெஸ்ஸுக்குப் போய்த் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அண்ணாச்சி இரண்டு முறை வந்து பார்த்துவிட்டு, ‘சாப்பிடும்மா, சோறு ஆறிப் போவுதுல்லா’ என்றார். அடுத்த மேசையிலிருந்து ஈரோட்டு அண்ணா திரும்பிப் பார்த்தார். அப்போதுதான், ஒளித்துவைக்க இனி எதுவுமில்லை என்பதால், கைப்பையிலிருந்து அந்த எட்டுப் பக்கத்தை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

அவர் ஐந்து வரியையும் இரண்டு முறை படித்தார். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. ‘அம்முணி, நீங்க ரேங்க்குனு சொல்ற எடத்துல எல்லாம் பார்டர் ரேங்க்குனு போட்டாலும் இது அப்படியே ஓடுதுங்களே’ என்றார். ‘அப்படி ஓடுச்சுன்னா ஷோன்ஹாகே சொன்னது தப்புன்னு ஆயிருமுங்க. அவரு சொன்னது தப்பில்லீங்க, நாங்க அத ரெண்டாவது வாரமே பாடமாப் படிச்சுப்போட்டு வந்தவங்க.’ மெஸ் பில்லின் பின்புறத்தில் எழுதியும் காட்டினார். எல்லைத் தரம் 16 உள்ள ஒரு டென்சர், 9 உள்ள இன்னொரு டென்சர். இரண்டையும் நேர்க்கூட்டல் செய்தால் 25 வர வேண்டும். 17தான் வருகிறது. என் வாதம் உண்மையானால் இந்தப் 17 இருக்கவே முடியாது.

பிறகு தட்டில் இருந்ததைக் கொண்டே மிச்சத்தையும் காட்டினார். எவர்சில்வர் தட்டின் விளிம்பில் இரண்டு சோற்றுப் பருக்கைகளைச் சற்றுத் தள்ளித் தள்ளி ஒட்டி, அவற்றின் மேல் படும்படி ஒரு முருங்கைக்காய்த் துண்டை வைத்தார். வட்டத்தின் நாண். பருக்கைகளை விரலால் ஒன்றை நோக்கி ஒன்றாகத் தள்ளத் தள்ள, முருங்கைக்காயும் மெல்லத் திரும்பிக்கொண்டே போய், இரண்டும் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டபோது தட்டின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு தொடுகோடாக நின்றது. இப்போது ஒரே ஒரு பருக்கைதான் இருக்கிறது, அதை மட்டும் வைத்து முருங்கைக்காய் எந்தத் திசையில் நிற்கிறது என்று சொல்ல முடியுமா என்று கேட்டார். முடியாது. நகர்ந்துகொண்டிருக்கும் புள்ளிகளுடைய வீச்சின் எல்லை ஒன்று, எல்லைப் புள்ளிகளின் வீச்சு வேறொன்று. இரண்டையும் நான் ஒன்றாக எழுதியிருந்தேன். எக்ஸ், எக்ஸ், ஒய் என்ற மூன்றை இடம் மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்டினால் வரும் டென்சரின் தரம் மூன்று, ஆனால் தரம் இரண்டு உள்ளவை அதை எவ்வளவு வேண்டுமானாலும் நெருங்கலாம் என்பது இந்தத் துறையின் அரிச்சுவடி. நானே அதை நூறு முறை பிறருக்கு விளக்கியிருக்கிறேன். அதே விஷயம் என் வாதத்துக்குள் வேறு உடை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியவில்லை. சாம்பார் படிந்த அந்த மெஸ் பில் இன்னும் என்னிடம் இருக்கிறது.

இதிலிருந்து நான் கைக்கொண்ட வழக்கம் ஒன்று உண்டு, டென்சர் தரத்தில் எதையாவது நிரூபித்துவிட்டதாக நினைக்கும் எவரும் முதலில் செய்ய வேண்டியது இது: தரம் என்ற சொல் வரும் இடமெல்லாம் எல்லைத் தரம் என்று போட்டு முழு நிரூபணத்தையும் ஒரு முறை படியுங்கள். எந்த வரியிலும் இடறாமல் கடைசி வரை போய்விட்டால், எல்லைத் தரத்துக்கு அந்த முடிவு பொய் என்று ஏற்கெனவே தெரிந்திருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் வாதம் பொய்யையும் சேர்த்து நிரூபித்துக்கொண்டிருக்கலாம். இன்னொன்று, இந்தத் துறைக்கு இரண்டு தாய்வீடுகள். வடிவியல்காரர்கள் ஒரு பெயரிலும் கணினியியல்காரர்கள் இன்னொரு பெயரிலும் ஒரே விஷயத்தை எழுதிவைத்திருக்கிறார்கள். இரண்டு பக்கத்து நூலகத்தையும் புரட்டாமல் ‘முன்னாய்வுகள்’ என்ற அத்தியாயத்தை எழுதி முடிக்கக் கூடாது.

இரண்டு மாதம் கழித்து, 2017 டிசம்பரில், ரஷ்யக் கணிதவியலாளர் யாரோஸ்லாவ் ஷிட்டோவ் ஸ்ட்ராஸனின் ஊகமே பொய் என்று காட்டும் முன்பதிப்பை வெளியிட்டார். அது பின்னர் 2019இல் ஆக்டா மேத்தமேட்டிகா இதழில் வந்தது. ஸ்ட்ராஸன் ஊகத்துக்கு அவர் காட்டிய எதிர்க்காட்டு கையால் எழுதிப் பார்க்கும் அளவுக்குச் சிறியதல்ல. பரிமாணம் மூன்று என்ற என் சிறு மூலையை அது தொடவும் இல்லை. இது எனக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் அந்த முன்பதிப்பைப் படித்து முடித்தபோது எனக்கு வந்தது வருத்தம் அல்ல, ஒரு கேவலமான நிம்மதி. இனி யார் கேட்டாலும் ‘நான் எடுத்த ஊகமே பொய்யாகிவிட்டது, என்ன செய்ய’ என்று சொல்லிவிடலாமே. வீட்டில் அப்படித்தான் சொன்னேன். துறையில் அப்படித்தான் சொன்னேன். எல்லோரும் அனுதாபப்பட்டார்கள். பிப்ரவரி வரை அந்த அனுதாபத்தில் குளிர்காய்ந்துகொண்டு எதுவும் செய்யாமல் இருந்தேன். நெறியாளரிடம் உண்மையைச் சொன்ன நாளில் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, ‘அந்த மெஸ் பில்லைக் கொண்டுவந்து காட்டு’ என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு நடந்தது வேலைதான், சொல்ல அதிகமில்லை. கிடப்பில் போட்டிருந்த இரண்டு சிறு முடிவுகளையும் டெர்ராச்சினி வழியில் விரிவாக்கி இரண்டு அத்தியாயம் ஆக்கினேன். எல்லைப் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று விழாது என்று கூடுதலாக ஒரு நிபந்தனை போட்டால் என் பழைய வாதமும் செல்லுபடியாயிற்று, அது ஒரு சிறு அத்தியாயம். ஊகம் விழுந்துவிட்டதால் எங்கெல்லாம் தரங்களின் கூட்டல் பொய்க்காமல் நிற்கிறது என்ற கேள்விக்கு மதிப்புக் கூடத்தான் செய்தது. சிறிய டென்சர்களில் அது நிற்கும் மேலும் சில நிலைகளைப் புச்சின்ஸ்கி, போஸ்டிங்கெல், ருப்னியெவ்ஸ்கி ஆகிய மூவர் 2020இல் வெளியிட்டார்கள், நான் கூச்சப்படாமல் அவர்கள் கட்டுரையை வரி வரியாகப் படித்தேன்.

பணக் கணக்கு இது. உதவித்தொகை 2018 ஜூலையோடு முடிந்தது. ஆய்வேட்டை 2019 செப்டம்பர் கடைசியில்தான் சமர்ப்பித்தேன். கடைசியாக வாங்கிய மாதம் 28,000 என்ற பழைய கணக்கில் பதினான்கு மாதத்துக்கு 3,92,000 ரூபாய். வாடகைக் கணினிக்கு 41,300. 2018 நவம்பரில் அம்மாவின் இரட்டைவடச் சங்கிலியைக் கும்பகோணத்தில் அடகு வைத்து 70,000 வாங்கினோம், அதற்கு வட்டி 19,600. மல்லேஸ்வரத்தில் ஜே.இ.இ. எழுதும் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துத்தான் அறை வாடகையும் மெஸ்ஸும் ஓடின. வாரத்துக்கு இருபது மணி நேரம் டியூஷன் எடுத்தால் ஆய்வு நடக்காது என்பதையும், டியூஷனை விட்டால் பெங்களூரில் இருக்க முடியாது என்பதையும் மாறி மாறி ஒவ்வொரு மாதமும் கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் ஆண்டு தொடங்கும்போதே, உதவித்தொகை நின்ற பிறகு எத்தனை மாதம் தாங்கும் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிடுங்கள். நீட்டிப்புக்கு நிறுவனத்தில் வழி இருந்தால் அதற்கான விண்ணப்பம் கடைசி மாதத்தில் போனால் எடுபடாது, எனக்கு எடுபடவில்லை.

வாய்மொழித் தேர்வு 2020 பிப்ரவரியில், ஊரடங்குக்கு ஒரு மாதம் முன்பு நடந்தது. ஈரோட்டு அண்ணா பின்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார். அவ்வாண்டு இறுதியில் இதே ஊரில் இன்னொரு நிறுவனத்தில் ஓராண்டு ஒப்பந்தத்தில் முதுமுனைவர் வேலை கிடைத்தது. 2021 மார்ச்சில் ஊருக்குப் போய் அசலையும் வட்டியையும் கட்டி, சங்கிலியை மீட்டுக்கொண்டு வந்து அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா அதைக் கழுத்தில் போட்டுக்கொள்ளவில்லை. உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பது போல ஒரு தரம் தூக்கிப் பார்த்துவிட்டு, ‘மறுபடி வைக்க வேண்டி இருக்குமாடி?’ என்று கேட்டார். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்று எனக்கே தெரியாத மாதம் அது. சாப்பிட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று அடுக்களைக்குள் போனேன்.